டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் ஆன்டிபாடி: ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங்கிலிருந்து செமிலிங் போகும் சாலையில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருப்பதால், இந்தப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு உயிர்மருத்துவமும் உயிர்த்தொழில்நுட்பமும் எட்டாத படிப்பாக இல்லை. ஆனால் எந்த ஊரில், எங்கே படித்தாலும் கடைசி ஆண்டு ஆய்வுக்கென்று உட்காரும்போதுதான் பலருக்குக் கை நடுங்குகிறது. 'பார்க்கின்சன் மாதிரியில் டி.எச். பார்' என்று தலைப்பு கிடைக்கும். கையில் ஒரு சின்னக் குழாய் வரும், அதன் அடியில் நூறு மைக்ரோலிட்டர் திரவம். அதுதான் டி.எச். ஆன்டிபாடி, டி.எச். என்ற புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்வதற்காக விலங்கில் உருவாக்கிய இன்னொரு புரதம். ஒரு குழாய்க்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகலாம். அதை எப்படிக் கையாள்வது, அது காட்டுவதை எவ்வளவு தூரம் நம்புவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டி.எச். என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்பது ஒரு நொதி. நாம் சாப்பிடும் புரதத்திலிருந்து வரும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தை அது எல்-டோப்பாவாக மாற்றுகிறது. எல்-டோப்பா அடுத்த படியில் டோபமீன் ஆகிறது. சில நரம்பு செல்களில் டோபமீன் நார்அட்ரினலினாகவும், அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியில் அதுவே அட்ரினலினாகவும் மாறுகிறது. இந்தச் சங்கிலியில் ஆக மெதுவான படி முதல் படிதான். ஆகவே மொத்த உற்பத்தியின் வேகத்தையும் டி.எச்.தான் நிர்ணயிக்கிறது. வேலை செய்ய அதற்கு இரும்பு, ஆக்சிஜன், டெட்ராஹைட்ரோபயோப்டெரின் என்ற துணைப்பொருள் மூன்றும் வேண்டும். 1964-இல் நகாட்சு, லெவிட், யூடன்ஃபிரெண்ட் ஆகியோர் இந்த நொதியைப் பற்றி முதன்முதலாக எழுதினார்கள். பார்க்கின்சன் நோயில் நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ரா பகுதியிலுள்ள டோபமீன் செல்கள் அழிகின்றன. அந்தச் செல்களை அடையாளம் காண உலகம் முழுவதும் பெரும்பாலான ஆய்வகங்கள் டி.எச். ஆன்டிபாடியைத்தான் நம்பியிருக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஆன்டிபாடி செய்வது தோட்டத்துப் பெரட்டு மாதிரி. விடியற்காலையில் பெயரைக் கூப்பிட்டால் ஆள் வந்திருக்கிறாரா இல்லையா என்பது தெரியும். அன்றைக்கு அவர் எத்தனை மரம் வெட்டினார் என்பது பெரட்டில் தெரியாது. டி.எச். ஆன்டிபாடியும் நொதி அங்கே இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். அது வேலை செய்கிறதா என்று சொல்லாது. ஆய்வறிக்கைகளில் நான் பார்க்கும் பெரிய குழப்பமே இதுதான்: படத்தில் டி.எச். பட்டை (புரதம் இருப்பதைக் காட்டும் கோடு) தடித்திருந்தால் 'டோபமீன் உற்பத்தி கூடியது' என்று எழுதிவிடுகிறார்கள்.

வாங்கும் முன் டேட்டாஷீட்டில் பார்க்க வேண்டியவை

எந்த விலங்கில் உருவாக்கிய ஆன்டிபாடி, நொதியின் எந்தப் பகுதிக்கு எதிராக உருவாக்கியது, எந்த விலங்கின் திசுவில் சோதித்திருக்கிறார்கள், எந்த முறைக்குச் சோதித்திருக்கிறார்கள். இந்த நான்கும் இல்லாத டேட்டாஷீட் உள்ள பொருளை வாங்காதீர்கள். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைப்படி பிரித்து, மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் முறை) நன்றாக வேலை செய்யும் ஆன்டிபாடி மூளைச் சீவலில் ஒன்றுமே காட்டாமல் போகலாம். ஜெல்லில் புரதம் பிரிந்து நீண்டு கிடக்கிறது, சீவலில் மடிந்த வடிவத்திலேயே ஃபார்மலினால் கட்டுண்டு கிடக்கிறது. இரண்டிலும் வெளியே தெரியும் முகம் வேறு.

டி.எச்.-க்கு நெருங்கிய உறவுக்கார நொதிகள் இரண்டு உண்டு. ஒன்று பினைல்அலனின் ஹைட்ராக்சிலேஸ், அது கல்லீரலில் ஏராளம். மற்றது டிரிப்டோஃபன் ஹைட்ராக்சிலேஸ், சிரோட்டோனின் உற்பத்தியின் முதல் படி அதனுடையது. மூன்றுக்கும் வேதிவினை நடக்கும் நடுப்பகுதி மிகவும் ஒத்திருக்கும். புரதச் சங்கிலியின் முன்முனையில்தான் வேறுபாடு அதிகம். பி.எச்.8 என்ற மோனோக்ளோனல் (ஒரே செல் வழியில் வந்த, ஒரே வகை) ஆன்டிபாடி இந்த மூன்று நொதிகளையும் பிடிக்கும் என்பது வெகுநாளாகத் தெரிந்த செய்தி. ஆகவே முன்முனைப் பகுதிக்கு எதிராக உருவாக்கியது கிடைத்தால் அதை எடுப்பது நல்லது. எதை எடுத்தாலும் கல்லீரல் சாறு ஒன்றை ஜெல்லில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது விலங்கு. உங்கள் திசு சுண்டெலியுடையது என்றால் சுண்டெலியில் உருவாக்கிய ஆன்டிபாடி வேண்டாம், முயலில் உருவாக்கியதை வாங்குங்கள். நாம் வாங்கிய ஆன்டிபாடி முதல் ஆன்டிபாடி; அதைப் பிடித்து நம் கண்ணுக்குக் காட்டுவது இரண்டாம் ஆன்டிபாடி. காரணம், சுண்டெலிக்கு எதிரான இரண்டாம் ஆன்டிபாடி திசுவில் ஏற்கெனவே இருக்கும் சுண்டெலி ஆன்டிபாடிகளையும் பிடித்துக்கொள்ளும். வெஸ்டர்னில் அது 50, 25 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அளவு) பக்கம் பட்டையாக வந்து நிற்கும். டி.எச். 60 பக்கம் வருவது. புதியவர் கண்ணுக்கு 50-உம் 60-உம் எளிதில் குழம்பும்.

குழாய் வந்து சேரும் நாள்

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இது. கெடாவில் வாரக் கடைசி வெள்ளியும் சனியும். கோலாலம்பூர் சப்ளையருக்குச் சனியும் ஞாயிறும். அவர்கள் வியாழக்கிழமை அனுப்பினால் பெட்டி வெள்ளியன்று பூட்டிய அலுவலக வாசலுக்கு வரும். உள்ளே இருக்கும் ஐஸ் பேக் அந்த வெயிலில் ஞாயிறு வரை தாங்காது. ஆர்டர் போடும்போதே திங்கள் அல்லது செவ்வாயன்று அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வாங்கிக்கொள்ளப் போகிறவரின் கைப்பேசி எண்ணைப் பெட்டியின் மேலேயே எழுதச் சொல்லுங்கள்.

பெட்டி வந்ததும் ஐஸ் பேக் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குழாயை உடனே திறக்காதீர்கள். வழியில் குலுங்கி வந்ததில் திரவத்தில் பாதி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். சின்ன சென்ட்ரிஃபியூஜில் சில விநாடிகள் சுற்றி அடியில் இறக்குங்கள். அப்புறம் ஐஸில் வைத்துக்கொண்டு சின்னச் சின்னக் குழாய்களில் பிரிக்கத் தொடங்குங்கள். ஒரு குழாய்க்கு 5 அல்லது 10 மைக்ரோலிட்டர், அதற்கும் குறைவாக வேண்டாம். குறைந்தால் சுவரில் ஒட்டி வீணாகும். பிப்பெட் நுனியை மெல்லத் திரவத்தின் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே வைத்து இழுங்கள். நுரை வரக்கூடாது. வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) போடவே கூடாது.

ஒவ்வொரு குழாயிலும் பெயர், எந்த விலங்கு, லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பது), பிரித்த தேதி எழுதி மைனஸ் 20-இல் வையுங்கள். தானாகவே பனியை உருக்கிக்கொள்ளும் வீட்டு பிரீசர் இதற்கு ஆகாது, அது அடிக்கடி சூடேறிக் குளிரும். உருகி உறைவது ஒவ்வொரு முறையும் ஆன்டிபாடியைக் கெடுக்கும். ஒரு குழாயை எடுத்துவிட்டால் மிச்சத்தை மறுபடி உறைய வைக்காமல் 4 டிகிரியில் வைத்துக்கொண்டு சில வாரங்களில் முடித்துவிடுங்கள். நொதி ஒட்டிய இரண்டாம் ஆன்டிபாடிகள் பலவற்றை உறைய வைக்கவே கூடாது. அவற்றின் டேட்டாஷீட்டைத் தனியாகப் படியுங்கள்.

ஜெராய் மலைப் பக்கம் கருத்துவிட்டால் மதியத்துக்கு மேல் இடியும் மழையும்தான். கரண்ட் போனால் பிரீசர் கதவைத் திறக்காமல் இருப்பதே முதல் வேலை. ஆன்டிபாடிப் பெட்டியை எப்போதும் ஐஸ் பேக்குகளுக்கு நடுவே, பிரீசரின் உட்பக்கத்தில் வையுங்கள். கதவோரம் எளிதில் சூடேறும் இடம்.

வெஸ்டர்ன் பிளாட்

மூளைத் திசுவுக்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். அது இல்லாமல் எதையும் தொடாதீர்கள். அனுமதி வரும்வரை பி.சி.12 செல்களில் பழகலாம். எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து 1976-இல் கிரீனும் டிஷ்லரும் உருவாக்கிய செல் வரிசை அது. டி.எச். நிறைய இருப்பதால் நல்ல பாசிட்டிவ் கன்ட்ரோலும் (கட்டாயம் பட்டை வர வேண்டிய ஒப்பீட்டு மாதிரி) அதுவே.

திசுவை ஐஸில் வைத்து, புரோட்டியேஸ் தடுப்பான் (புரதத்தை உடைக்கும் நொதிகளை நிறுத்துவது) கலந்த, செல்லை உடைக்கும் ரிப்பா பஃபரில் அரையுங்கள். டி.எச். உடையும்போது 60-க்குக் கீழே சின்னச் சின்னப் பட்டைகள் வரும், ஆகவே தடுப்பானை மறக்க வேண்டாம். சுற்றித் தெளிந்த சாறில் புரத அளவைப் பி.சி.ஏ. முறையில் அளந்து, ஒவ்வொரு குழிக்கும் 10 முதல் 20 மைக்ரோகிராம் ஏற்றுங்கள். பத்து சதவீத ஜெல் போதும். ஜெல் ஊற்றும்போது கையுறை கட்டாயம். உறையாத அக்ரிலமைடு நரம்புக்கு நஞ்சு.

எந்தெந்தக் குழியில் என்ன போடுவது என்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். என் கணக்கு இது. ஒரு குழியில் அளவுகோல் புரதம். அடுத்து பி.சி.12 சாறு. அடுத்து எலி மூளையின் ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதி. டோபமீன் நரம்புகளின் முனைகள் அங்கே மண்டிக் கிடப்பதால் டி.எச். வலுவாக வரும். அப்புறம் கல்லீரல். கல்லீரலில் டி.எச். எதிர்பார்க்க முடியாது, ஆனால் அதன் உறவுக்கார நொதி நிரம்ப உண்டு. அங்கே 50 கிலோடால்டன் பக்கம் பட்டை வந்தால் உங்கள் ஆன்டிபாடி ஆள் மாறிப் பிடிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இவ்வளவும் சரியாக வந்தபிறகே உங்கள் ஆய்வு மாதிரிகள். இதைச் செய்யாமல் நேராக மாதிரியை ஓட்டுபவர்கள், கடைசியில் அந்தப் பட்டை என்னவென்று யார் கேட்டாலும் பதில் சொல்ல முடியாது.

பி.வி.டி.எஃப். மெம்பிரேனை மெத்தனாலில் நனைத்து எழுப்பிவிட்டு, ஜெல்லோடு சேர்த்து அடுக்கி, இடையில் காற்றுக்குமிழி இல்லாமல் உருட்டி, 100 வோல்ட்டில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். தொட்டிக்குள் ஐஸ் கட்டி வையுங்கள். வெளிநாட்டுக் குறிப்பில் 'அறை வெப்பம்' என்று எழுதியிருப்பது 20, 25 டிகிரியை. ஏர்கான் இல்லாத நம் அறையில் மதியம் அது 32. முடிந்ததும் புரதத்தைச் சிவப்பாகக் காட்டும் பான்சோ சாயத்தில் நனைத்துப் பாருங்கள். எல்லாக் குழியிலும் புரதம் சமமாக வந்திருந்தால் மட்டும் மேலே போங்கள்.

அடுத்து, ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதிருக்க, கொழுப்பு நீக்கிய பால்பவுடரின் 5 சதவீதக் கரைசலில் ஒரு மணி நேரம். பிறகு முதல் ஆன்டிபாடி, இரவு முழுக்க 4 டிகிரியில், மெல்ல ஆடிக்கொண்டிருக்க வேண்டும். எவ்வளவு நீர்த்த அளவில்? டேட்டாஷீட் சொல்வது ஆரம்பப் புள்ளி மட்டும்தான். ஒரே சாறை ஏற்றிய மெம்பிரேனை நான்கு துண்டாக்கி 500-க்கு ஒன்று, 1000-க்கு ஒன்று, 2000-க்கு ஒன்று, 5000-க்கு ஒன்று என்று வைத்துப் பாருங்கள். பட்டை தெளிவாகவும் பின்புலம் சுத்தமாகவும் இருக்கும் ஆக நீர்த்த அளவுதான் உங்களுடையது. பணக் கணக்கும் இதிலே இருக்கிறது. 1000-க்கு ஒன்று என்றால் 10 மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோலிட்டர். நூறு மைக்ரோலிட்டர் பத்துத் தடவையில் தீர்ந்துவிடும். மெம்பிரேன் அளவுக்குச் சின்னத் தட்டு தேடி 5 மில்லிலிட்டரில் செய்தால் இருபது தடவை வரும்.

காலையில் டி.பி.எஸ்.டி. என்ற கழுவும் பஃபரில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று கழுவல். இரண்டாம் ஆன்டிபாடி ஒரு மணி நேரம். மறுபடி மூன்று கழுவல். கழுவலில் அவசரப்பட்டால் மெம்பிரேன் முழுக்கக் கருத்துவிடும். பிறகு ஒளிரும் கரைசலை ஊற்றிப் படம் எடுங்கள். சோடியம் அசைடு கலந்த பஃபரை எச்.ஆர்.பி. (ஒளியை உண்டாக்கும் நொதி) ஒட்டிய ஆன்டிபாடியோடு சேர்க்காதீர்கள், அந்த நொதி முடங்கிவிடும். அசைடு நஞ்சு. அதைத் தொட்டியில் கொட்டவும் கூடாது, செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கும் உப்பாகத் தேங்கும்.

அளவை ஒப்பிட ஏற்றக் கன்ட்ரோல் வேண்டும், அதாவது எல்லாக் குழியிலும் சம அளவு ஏற்றியிருக்கிறோமா என்று காட்டும் வேறொரு புரதம். பீட்டா டியூபுலின் எடுக்காதீர்கள், அது 50–55-இல் நின்று டி.எச்.-ஓடு ஒட்டிக்கொள்ளும். ஆக்டின் 42, ஜி.ஏ.பி.டி.எச். 37. இவற்றில் ஒன்றை வைத்தால் மெம்பிரேனை 50 கோட்டில் குறுக்கே வெட்டி மேல்பாதிக்கு டி.எச்., கீழ்ப்பாதிக்கு ஆக்டின் என்று ஒரே நாளில் முடிக்கலாம். கல்லீரலைச் சோதிக்கும் அந்த முதல் மெம்பிரேனை மட்டும் வெட்டாதீர்கள். அதில் 50 பக்கம்தான் உங்களுக்குப் பார்க்க வேண்டியது.

மூளைச் சீவலில்

எலியை 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு செலுத்திப் பதப்படுத்தி, மூளையை எடுத்து, 30 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் அது அடியில் மூழ்கும்வரை வைக்க வேண்டும். மிதந்துகொண்டிருக்கும்போதே வெட்டினால் பனிக்கட்டி திசுவைக் கிழித்துவிடும். 30 முதல் 40 மைக்ரான் தடிமனில் வெட்டி, பஃபரில் மிதக்க விட்டே வேலை செய்யலாம். வரிசையாக, ஹைட்ரஜன் பெராக்சைடில் கொஞ்ச நேரம், டிரைட்டன் கலந்த ஆட்டுச் சீரத்தில் ஒரு மணி நேரம் (இரண்டாம் ஆன்டிபாடி ஆட்டில் உருவாக்கியது என்றால்), முதல் ஆன்டிபாடி இரவு முழுக்க, பிறகு பயோட்டின் ஒட்டிய இரண்டாம் ஆன்டிபாடி, அந்தப் பயோட்டினைப் பிடிக்கும் நொதி கொண்ட ஏ.பி.சி. கலவை, கடைசியில் அந்த நொதியால் பழுப்பாக மாறும் டி.ஏ.பி.

டி.ஏ.பி. போடும் அந்தச் சில நிமிடங்கள் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டியவை. வெள்ளைத் தட்டின் மேல் வைத்துப் பாருங்கள். முதலில் ஸ்ட்ரையாட்டம் தேநீர் நிறத்துக்கு வரும், பிறகு நன்றாகப் பழுப்பேறும். அதைச் சுற்றியுள்ள மூளைப் புறணி வெளிறியே இருக்க வேண்டும். நடுமூளைச் சீவலில் அடிப்பக்கம் இரண்டு பக்கமும் பட்டையாகச் சப்ஸ்டான்ஷியா நைக்ரா தெரியும், நுண்ணோக்கியில் செல் உடல்களும் கிளைகளும் தனித்தனியாக வரும். புறணியும் பழுப்பேறத் தொடங்கும் முன் பஃபரில் கழுவி நிறுத்திவிடுங்கள். எல்லாக் குழுவின் சீவல்களுக்கும் ஒரே நேரம், ஒரே கரைசல். டி.ஏ.பி. புற்றுநோய் தரக்கூடியது என்று சந்தேகிக்கப்படும் பொருள். கையுறையோடு எடுத்து, கழிவைத் தனிப் புட்டியில் சேருங்கள்.

ஒவ்வொரு முறையும் முதல் ஆன்டிபாடி போடாத சீவல் ஒன்று உடன் வர வேண்டும். அதில் பழுப்பு வந்தால் மற்றதில் வந்ததற்கும் மதிப்பில்லை. டோபமீன் செல்களைக் கொல்லும் 6-ஹைட்ராக்சிடோபமீனை ஒரு பக்க மூளையில் மட்டும் செலுத்திய எலி என்றால் உங்களுக்கு வசதி, மறுபக்கமே கன்ட்ரோலாக நிற்கும். ஒரே சீவலில் ஒரு பக்கம் கரும்பழுப்பும் மறுபக்கம் வெளிறலும் தெரிந்தால் ஆன்டிபாடியும் ஊசியும் இரண்டுமே வேலை செய்திருக்கின்றன.

பார்த்ததை எழுதும்போது

டி.எச். தெரிந்த செல்லெல்லாம் டோபமீன் செல் அல்ல. நார்அட்ரினலின் செல்களிலும் டி.எச். உண்டு, அவை திரண்டிருக்கும் லோகஸ் செருலியஸ் என்ற மூளைப் பகுதி பளிச்சென்று வரும். டோபமீன்தான் என்று சொல்ல வேண்டுமானால் டோபமீன் கடத்திப் புரதத்தையும் சேர்த்துப் பாருங்கள். நார்அட்ரினலின் என்றால் டோபமீன் பீட்டா ஹைட்ராக்சிலேஸ்.

டி.எச். மறைந்தது என்றால் செல் செத்தது என்றும் ஆகாது. உயிரோடு இருக்கும் செல் டி.எச். உற்பத்தியை மட்டும் குறைத்துக்கொள்ள முடியும். அதே பகுதியில் நரம்பு செல்களைப் பொதுவாகக் காட்டும் நிசில் சாயமோ நியூ-என் ஆன்டிபாடியோ வைத்துச் செல்களை எண்ணி, இரண்டு எண்ணிக்கையும் சேர்ந்து குறைகிறதா என்று காட்டினால்தான் செல் அழிவு என்று எழுதலாம்.

நொதியின் வேலையைப் பற்றிப் பேச வேண்டுமா? டி.எச்.-இன் 40-ஆம் இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறினால் அதன் வேகம் கூடும். அதற்கென்றே தனி ஆன்டிபாடி கிடைக்கிறது. அதை வைத்தால் பால்பவுடருக்குப் பதில் பி.எஸ்.ஏ. (மாட்டின் இரத்தத்திலிருந்து எடுக்கும் அல்புமின்) போடுங்கள், பாலிலுள்ள கேசினிலேயே பாஸ்பேட் இருக்கிறது. சாறில் பாஸ்படேஸ் (பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி) தடுப்பானும் வேண்டும், திசுவை எடுத்த உடனே உறைய வைக்கவும் வேண்டும். பி.சி.12 செல்லுக்கு ஃபோர்ஸ்கோலின் கொடுத்தால் இந்தப் பட்டை ஏற வேண்டும். அதுவே உங்கள் பாசிட்டிவ் கன்ட்ரோல். இன்னும் நேரடியாக அறிய, எல்-டோப்பாவை டோபமீனாக மாற்றும் அடுத்த நொதியை என்.எஸ்.டி.-1015 என்ற மருந்தால் தடுத்து, சேரும் எல்-டோப்பாவை எச்.பி.எல்.சி. என்ற பிரித்து அளக்கும் கருவியில் அளக்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் 'டி.எச். புரத அளவு' என்று மட்டும் எழுதுங்கள். தேர்வாளர் அதைக் குறை சொல்ல மாட்டார்.

பட்டையே வரவில்லையென்றால் உடனே ஆன்டிபாடியைக் குறை சொல்ல வேண்டாம். பான்சோவில் புரதம் தெரிந்ததா, பி.சி.12 குழியிலும் வரவில்லையா, இரண்டாம் ஆன்டிபாடி முதல் ஆன்டிபாடியின் விலங்குக்குப் பொருந்துகிறதா, ஒளிரும் கரைசல் காலாவதியானதா என்று இந்த வரிசையில் பாருங்கள். முயல் ஆன்டிபாடிக்குச் சுண்டெலிக்கு எதிரான இரண்டாம் ஆன்டிபாடியைப் போட்டுவிட்டு இரவெல்லாம் காத்திருப்பது எல்லா ஆய்வகத்திலும் நடக்கிற கதை.

இன்னும் ஒன்று. பாலிக்ளோனல் (விலங்கின் இரத்தத்திலிருந்து எடுக்கும் பல வகைக் கலவை) ஆன்டிபாடி லாட்டுக்கு லாட் மாறும். வேறு விலங்கு, வேறு இரத்தம். பழைய லாட் தீரும்வரை காத்திருக்காமல் கடைசி இரண்டு குழாய் இருக்கும்போதே புதியதை வாங்குங்கள். ஒரே பி.சி.12 சாறு, ஒரே ஜெல், பாதி மெம்பிரேன் பழைய லாட்டில், பாதி புதிய லாட்டில். நீர்த்த அளவை மறுபடி தேடி எடுத்து, இரண்டு லாட் எண்களையும் படத்தோடு சேர்த்து ஆய்வக நோட்டில் ஒட்டிவிட்டு, அதன் பிறகே புதிய குழாயில் உங்கள் மாதிரிகளைத் தொடருங்கள்.